தேர் செல்லும் வீதியில் கார் நிற்கலாமா?

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. ஊர் கூடுவதில் இந்நாளில் குறையேதும் இல்லை. கொடியேற்றம் முதல் தீர்த்தவாரி வரை ஆலயங்களில் திரளும் மக்கள் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியே வருகின்றது. ஆனால் அவ்வாறு கூடும் ஊரார் தங்கள் வாகனங்களை எங்கே நிறுத்திவிட்டு வந்து வடம் பிடிப்பது என்னும் கேள்விக்கு இன்னும் விடை காணப்படவில்லை. விடை காணாததன் விளைவாக, தேர் செல்ல வேண்டிய வீதியில் கார்கள் நிற்கின்றன. கார்கள் நகர வேண்டிய நேரத்தில் தேர் நிற்கின்றது.

பெர்னாம் ஆற்றங்கரையில், மீன்பிடித் துறையோடும் தோட்டங்களோடும் வளர்ந்த ஊர் ஹுத்தான் மெலிந்தாங். இதனைப் போன்ற சிற்றூர்களில் கடைவீதி என்பது நீண்டதோர் அங்காடித் தெருவன்று. மளிகைக் கடை, மருந்துக் கடை, காப்பிக் கடை, வங்கி, அஞ்சலகம் ஆகிய யாவும் ஓரிரு சாலைகளுக்குள் அடங்கிவிடும். சாதாரண நாள்களிலேயே இரட்டை வரிசையாகக் கார்கள் நிற்கும் இவ்வீதிகள், திருவிழா நாளில் எவ்வாறு மூச்சுத் திணறும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சாலை வளைவிலும், மஞ்சள் கோட்டிலும், தீயணைப்புக் குழாயின் முன்னும், பிறர் வீட்டு வாசலிலும் வாகனங்கள் நிறுத்தப்படுகின்றன. கேட்டால், "சாமி கும்பிடத்தானே வந்தோம், ஐந்து நிமிடந்தானே" என்பது விடையாக வருகின்றது. சாமி கும்பிட வந்தவர் அன்னதானமும் உண்டு, உற்றார் உறவினரோடு அளவளாவித் திரும்புகையில் அந்த ஐந்து நிமிடம் மூன்று மணி நேரமாகியிருக்கும்.

தோட்டத்து லாரியும் இன்றைய காரும்

இச்சிக்கலின் வேர் வாகனங்களில் மட்டும் இல்லை. இச்சமுதாயத்தின் வரலாற்றிலேயே உள்ளது. கீழ்ப்பேராக்கின் நிலப்பரப்பில் ரப்பரும் தென்னையும் பின்னர்ச் செம்பனையும் வளர்ந்த தோட்டங்களே இவ்வட்டாரத் தமிழரின் பிறந்தகம். 1906ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜெண்டராட்டா தோட்டம் அவற்றுள் பெயர் பெற்ற ஒன்று. அந்நாளில் தோட்டத்து ஆலயத் திருவிழாவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அந்தத் தோட்டத்தாரே. லயத்திலிருந்து ஆலயத்துக்குக் கால்நடையாகவே வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தார் சைக்கிளில் வந்தார்கள். தொலைவிலிருந்தோர் தோட்டத்து லாரியில் நின்றபடியே வந்து இறங்கினார்கள். தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்பட்ட தெலுக் இந்தானுக்கு 1893ஆம் ஆண்டிலேயே தாப்பா ரோட்டிலிருந்து இரயில் பாதை போடப்பட்டிருந்தது. இரயில் ஏறி வந்து இறங்கிய பக்தர்களுக்கு வாகனம் நிறுத்த இடம் தேட வேண்டிய கவலை இருக்கவில்லை.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பயிர் மாறியது, வேலைக்கு வெளிநாட்டார் வந்தனர். பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் பிழைப்புத் தேடிப் பெயர்ந்தனர். இரயில் பாதையும் மூடப்பட்டது. ஆயினும் குலதெய்வத்தை எவரும் மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, தாத்தா பாட்டி கும்பிட்ட அம்மனின் சந்நிதியில் நின்று மாவிளக்கு ஏற்ற வேண்டும் என்பதற்காகவே பல நூறு கிலோமீட்டர் கடந்து வருகின்றார்கள். 2019ஆம் ஆண்டில் மேற்குக் கரை நெடுஞ்சாலையின் ஹுத்தான் மெலிந்தாங் – தெலுக் இந்தான் பகுதி திறக்கப்பட்ட பின்னர் அந்த வருகை மேலும் எளிதாயிற்று. ஒரு லாரியில் ஐம்பது பேர் வந்த காலம் போய், ஐம்பது பேர் பதினைந்து கார்களில் வரும் காலம் வந்துவிட்டது. மலேசியாவில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களின் எண்ணிக்கை மக்கள்தொகையையே மிஞ்சிவிட்டது என்பதும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது.

ஆகவே, திருவிழா நாளில் வீதியை அடைத்து நிற்கும் கார்கள் ஒரு வகையில் சமுதாயத்தின் முன்னேற்றத்தைக் காட்டுகின்றன; இன்னொரு வகையில் சிதறிப்போன தோட்டத்துக் குடும்பங்கள் மீண்டும் ஒன்றுகூடும் பாசத்தைக் காட்டுகின்றன. அவற்றை வெறும் இடையூறு என்று ஒதுக்கிவிட இயலாது. வரவேற்கப்பட வேண்டியவர்களே வருகின்றார்கள். வரவேற்பவர்கள் இடத்தை ஆயத்தம் செய்யவில்லை என்பதே குறை.

தேரோடும் வீதியின் மரபு

வீதியை ஒழுங்கு செய்வது ஏதோ மேனாட்டாரிடம் கற்க வேண்டிய புதுமை என்று எவரும் கருத வேண்டா. மதுரையில் மீனாட்சி அம்மன் திருக்கோயிலைச் சுற்றியுள்ள ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி வீதிகள் திருவிழாக்களின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. சுவாமி வலம் வருவதற்கென்றே அவ்வீதிகள் வகுக்கப்பட்டன. இன்றும் சித்திரைத் திருவிழாவில் தேர்கள் வலம் வருவது மாசி வீதிகளில்தான். கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் வாகனங்கள் செல்வது தடை செய்யப்பட்டு, பக்தர்கள் நடந்தே வலம் வருகின்றார்கள். முதலில் வீதி, அதற்கேற்பவே மற்றவை என்பதே ஆலய மரபு.

அம்மரபு தவறுகையில் நேரும் கேட்டிற்குச் சான்றுகளும் உண்டு. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் தஞ்சாவூருக்கு அருகிலுள்ள களிமேட்டில், அப்பர் சதய விழாவின் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசியதால் 11 உயிர்கள் பலியாயின. அங்கே காரணம் நிறுத்தப்பட்ட கார் அன்று. எனினும் தேர் செல்லும் பாதையை அடி அடியாக முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும் என்னும் பாடம் எல்லா ஊர்களுக்கும் பொதுவானது. இரதம் சாலையின் நடுவே செல்ல வேண்டும் என்று திட்டமிட்டிருக்கையில், ஒருவர் நிறுத்திச் சென்ற காரைத் தவிர்ப்பதற்காக அதனை ஓரம் திருப்ப நேர்ந்தால், ஓரத்தில் காத்திருப்பது கால்வாயும் மின்கம்பியுமே. ஐந்து நிமிடத்துக்கென்று நிறுத்திய வாகனம் எத்தனை பேரை ஆபத்தின் பக்கம் தள்ளுகின்றது என்பதை அதன் உரிமையாளர் அறிவதில்லை.

தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரம் 1885ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. கோடைக் காலத்துக்கும் தீ விபத்துக்கும் உதவும் நீர்த்தொட்டியாகவே அது முதலில் பயன்பட்டது. கார் என்பது இந்நாட்டில் கால் வைக்காத காலம் அது. இவ்வட்டாரத்துப் பழைய கடைவீதிகள் மாட்டு வண்டிக்கும் கைவண்டிக்கும் ஏற்ற வீதிகளாகவே தோன்றின. அவ்வீதிகளை இனி அகலப்படுத்த இடமில்லை. ஆனால் தீ பரவினால் விரைந்து வர வேண்டிய தீயணைப்பு வண்டி மட்டும் பெரிதாகிவிட்டது. ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலமுள்ள அவ்வண்டி தடையின்றிச் செல்ல நான்கு மீட்டர் வழியாவது வேண்டும். இருபுறமும் கார்கள் இரட்டை வரிசையில் நிற்கும் வீதியில் அவ்வழி இருக்குமா என்பதை ஒவ்வோர் ஆலய நிர்வாகமும் அளந்து பார்ப்பது நல்லது. தீ மிதியும் கற்பூர தீபமும் பந்தலும் சமையற்கூடமும் ஒருங்கே உள்ள இடத்தில் இஃது அச்சுறுத்தலன்று, முன்யோசனை.

சட்டம் சொல்வது என்ன?

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, சாலையில் பிறருக்கு இடையூறாக வாகனத்தை நிறுத்துவதைக் குற்றமாக்குகின்றது. அதே சட்டத்தின் கீழ், வாகன நிறுத்துமிடங்களை வகுத்துக் கட்டணம் வசூலிக்கும் அதிகாரம் ஊராட்சி மன்றங்களுக்கு உண்டு. திருவிழா நாள் என்பதற்காக இச்சட்டம் விடுப்பு எடுத்துக்கொள்வதில்லை. ஊர்வலத்துக்கு அனுமதி பெற்றுவிட்டோம் என்று நிர்வாகத்தினர் கூறுவதுண்டு. ஊர்வலத்துக்குக் கிடைத்த அனுமதி, ஊர்வலத்துக்கு வந்தவரின் கார் கண்ட இடத்தில் நிற்பதற்குக் கிடைத்த அனுமதியாகாது.

கட்டண நிறுத்துமிடம் என்றாலே அது மக்களின் பையைத் துழாவும் ஏற்பாடு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. உலகின் முதல் கட்டண அளவி 1935ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் நிறுவப்பட்டது. அங்கே கடைகளில் வேலை செய்தோரே காலை முதல் மாலை வரை கடை வாசலில் கார்களை நிறுத்தி வைத்ததால், பொருள் வாங்க வருவோருக்கு இடமில்லாமற் போயிற்று. அதைத் தீர்க்கவே ஒரு மணி நேரத்துக்கு ஐந்து காசு என்று வைத்தார்கள். இடம் கைமாற வேண்டும் என்பதே அடிப்படை நோக்கம். தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் இந்நாட்டுச் சிற்றூர்களில் அதே காட்சிதான். கடைக்காரர் தம் கடை முன்னால் தம் காரையே நாள் முழுதும் நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர் வருவதில்லை என்று வருந்துகின்றார்.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு ஷூப் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், இலவச நிறுத்துமிடம் என்று ஒன்று இல்லை, அதன் விலையை வேறு எவரோ செலுத்துகின்றார் என்பதை விரிவாக ஆராய்ந்தார். வசூலாகும் கட்டணம் அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் துப்புரவுக்கும் செலவிடப்பட வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கொள்கை. மக்கள் தாம் கொடுத்த காசு தம் தெருவில் பயன்படுவதைக் கண்ணால் கண்டால் மனங்கோணாமல் கொடுப்பார்கள். கோயில் உண்டியலுக்கும் இதே நியாயந்தானே!

சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் ஒரு குறையும் சுட்டப்பட வேண்டும். அபராதத்துக்கு அவ்வப்போது பெருந்தள்ளுபடி அறிவிக்கும் வழக்கம், காத்திருப்பவனுக்குப் பரிசும் உடனே செலுத்துபவனுக்குத் தண்டனையும் தருவதாகவே அமைந்தது. 2026ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி, காவல்துறையும் சாலைப் போக்குவரத்து இலாகாவும் வழங்கும் சம்மன்களுக்கு, முதல் 15 நாள்களில் செலுத்துவோருக்கே பாதித் தள்ளுபடி என்னும் முறை வகுக்கப்பட்டது. விரைந்து திருந்துபவனுக்கே சலுகை என்னும் இந்நெறி ஊராட்சி மன்றங்களும் பின்பற்றத் தக்கது.

ஊராட்சி மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள்

கூப்பன் சுரண்டிய காலம் மாறி, பேராக்கில் கைத்தொலைபேசிச் செயலி வழியே நிறுத்துமிடக் கட்டணம் செலுத்தும் முறை வந்துள்ளது. இளைஞருக்கு இது வசதி. ஆனால் ஓய்வூதியப் பணத்தை எடுக்க வங்கிக்கு வரும் தோட்டத்து முதியவருக்கோ, எழுத்துக் கூட்டிப் படிக்கும் மூதாட்டிக்கோ இது புரியாத புதிராகவே உள்ளது. கட்டணம் செலுத்த மனமிருந்தும் வழி தெரியாதவரை, செலுத்த மறுப்பவரோடு ஒரே தட்டில் வைத்து அபராதம் விதிப்பது முறையாகாது. கடைகளில் நேரில் செலுத்தும் வசதியும், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அறிவிப்புப் பலகையும் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். அழிந்துபோன வெள்ளைக் கோடுகளையும் மஞ்சள் கோடுகளையும் புதுப்பிக்காமல் அபராதம் எழுதுவதும் பொருந்தாது. கோடு தெரிந்தால்தான் கோட்டைத் தாண்டாதே என்று சொல்ல இயலும்.

திருவிழா நாளில் சம்மன் புத்தகத்தோடு மட்டும் வராமல், திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஆலய நிர்வாகத்தோடும் காவல்துறையோடும் அமர்ந்து பாதையையும் நிறுத்துமிடத்தையும் வகுப்பது மன்றங்களின் கடமை. எங்கே நிறுத்தலாம் என்று காட்டிய பின்னரே எங்கே நிறுத்தக் கூடாது என்னும் கட்டளைக்கு வலிமை பிறக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

இடமில்லை என்பது பெரும்பாலும் முழு உண்மையன்று. இருநூறு மீட்டர் நீளமுள்ள கடைவீதியின் இருபுறமும் வரிசையாகக் கார்களை நிறுத்தினாலும், ஒரு காருக்கு ஆறு மீட்டர் என்று கொண்டால், 66 கார்களுக்கு மேல் கொள்ளாது. ஒரு பள்ளித் திடலோ, நூறு மீட்டர் நீளமும் அறுபது மீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் இருந்தால், வந்து திரும்பும் வழியையும் சேர்த்து ஒரு காருக்கு 25 சதுர மீட்டர் என்று கணக்கிட்டாலும், ஏறத்தாழ 250 கார்களைத் தாங்கும். வீதி முழுவதையும் அடைத்து நான்கு மடங்கு துன்பம் விளைவிப்பதைவிட, ஒரு திடலைக் கேட்டுப் பெறுவது எளிது. பள்ளித் தலைமையாசிரியரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் முன்கூட்டியே எழுத்து மூலம் விண்ணப்பித்து, விழா முடிந்த மறுநாள் திடலைத் துப்புரவு செய்து ஒப்படைப்பதாக உறுதியளித்தால், மறுப்போர் மிகச் சிலரே. மழை பெய்தால் திடல் சேறாகும் என்பதால், கற்கள் பரப்பிய இடமொன்றையும் மாற்றாகப் பார்த்து வைத்தல் வேண்டும்.

திடல் தொலைவில் உள்ளதென்றால், பள்ளிப் பேருந்து ஒன்றை வாடகைக்கு அமர்த்திப் பக்தர்களை ஏற்றி இறக்கலாம். வாணவேடிக்கைக்கும் வண்ண விளக்குக்கும் ஆயிரக்கணக்கில் வெள்ளியைச் செலவிடும் நிர்வாகங்களுக்கு இச்செலவு பெரிதன்று. பால்குடம் ஏந்துவோரும், அலகு குத்திய காவடியாளரும், முதியோரும், உடற்பேறு குறைந்தோரும் ஆலய வாசலிலேயே இறங்கிச் செல்ல ஓரிடம் கயிறு கட்டி ஒதுக்கப்பட வேண்டும். மருத்துவ வண்டி நிற்கவும் திரும்பவும் ஓரிடம் என்றும் காலியாக இருக்க வேண்டும். அங்கே எவர் கார் வந்தாலும், அவர் எவராயினும், இடமில்லை என்று சொல்லும் துணிவு தொண்டூழியருக்கு வேண்டும்.

அழைப்பிதழில் புரவலர் பெயர்களும் பட்டங்களும் நான்கு பக்கம் நீள்கின்றன. வாகனம் நிறுத்தும் இடத்தைக் காட்டும் சிறு வரைபடத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கும் அழைப்பிதழ் அரிது. வெளியூரிலிருந்து வருபவர் வேண்டுமென்றே வீதியை அடைப்பதில்லை. எங்கே போவது என்று அறியாமலே அடைக்கின்றார். வரைபடமும், ஊரின் நுழைவாயிலிலிருந்தே வழிகாட்டும் பலகைகளும் இருந்தால், அவரே மகிழ்ச்சியோடு அவ்வழி செல்வார்.

முன்னேர் எவ்வழி?

முன்னேர் போன வழியே பின்னேர் போகும் என்பார்கள். கசப்பான உண்மை ஒன்றை இங்கே கூறியாக வேண்டும். ஆலய வளைவின் கீழே, தேர் நிலையின் அருகே, நிறுத்தக் கூடாத இடத்தில் முதலில் நிற்கும் கார்கள் பெரும்பாலும் பொதுமக்களுடையவை அல்ல. அவை நிர்வாகக் குழுவினருடையவை; சிறப்பு விருந்தினருடையவை. தலைவரின் கார் வாசலில் நிற்கக் கண்ட பக்தர், தம் காரை அரைக் கிலோமீட்டர் தள்ளி நிறுத்துவாரா? ஒலிபெருக்கியில் கார் எண்ணைப் படித்து, உரிமையாளர் உடனே வந்து எடுக்குமாறு அறிவித்துக் கொண்டிருப்பவரின் காரே மஞ்சள் கோட்டில் நிற்குமானால், அந்த அறிவிப்புக்கு என்ன மதிப்பு இருக்கும்? நிர்வாகத்தினர் தங்கள் வாகனங்களைத் திடலின் கடைக்கோடியில் நிறுத்திவிட்டு நடந்து வருவார்களாக. அந்த ஒரு நடை, நூறு அறிவிப்புக்குச் சமம்.

இதில் அண்டை அயலாரின் மனமும் அடங்கியுள்ளது. சிற்றூர்க் கடைவீதியில் சீனர் கடையும் மலாய்க்காரர் உணவுக் கடையும் இந்தியர் கடையும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. தேர் வரும் வேளையில் கதவைத் திறந்து வைத்து, வாசலில் தண்ணீர் வைத்து, கையெடுத்து நிற்கும் அயலார் உண்டு. அவர் கடையின் முன்னால் காலை முதல் இரவு வரை காரை நிறுத்தி அவர் பிழைப்பை அடைப்பது, அந்த நல்லெண்ணத்துக்குச் செய்யும் கைம்மாறு ஆகுமா? இயலாத நிலையில் ஒருவர் காருக்குப் பின்னால் நிறுத்த நேர்ந்தால், தொலைபேசி எண்ணையாவது கண்ணாடியில் எழுதி வைத்து, அழைத்தவுடன் ஓடி வருவதே பண்பு. எண்ணை எழுதி வைத்துவிட்டுத் தொலைபேசியை அணைத்து வைப்பதைப் பண்பு என்று எவரும் சொல்லார்.

சாலையில் நின்றவர்கள்

2025ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் காலையை இவ்வட்டாரத்து மக்கள் மறக்க மாட்டார்கள். தெலுக் இந்தானில் நடைபெற்ற சித்ரா பௌர்ணமி ஊர்வலத்துக்குப் பாதுகாப்பு அளித்துவிட்டு, ஈப்போவுக்குத் திரும்பிக் கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீஸ் படையினரின் வண்டி, கல் ஏற்றி வந்த லாரியோடு மோதி, ஒன்பது பேர் உயிர் நீத்தனர். பல இனங்களைச் சேர்ந்த அவ்வீரர்கள், இந்துக்களின் திருவிழா ஒன்று அமைதியாக நடந்தேற வேண்டும் என்பதற்காகத் தம் இல்லங்களைப் பிரிந்து வந்து கடமையாற்றியவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அன்று தந்தையர் வீடு திரும்பவில்லை.

அவ்விபத்துக்கும் வீதியில் நிறுத்தப்படும் காருக்கும் தொடர்பில்லை. ஆயினும் ஒவ்வொரு திருவிழாவிலும் வெயிலிலும் மழையிலும் சாலையின் நடுவே நின்று வழி ஒதுக்கித் தரும் காவலர், ரேலா உறுப்பினர், தொண்டூழியர் ஆகியோரும் வீட்டில் எவரோ ஒருவர் காத்திருக்கும் மனிதர்களே என்பதை அந்நாள் உணர்த்தியது. அவர்கள் கையசைத்துக் காட்டும் இடத்தில் நிறுத்தாமல் வாக்குவாதம் செய்வதும், அவர்கள் அகற்றிய தடுப்பை மீண்டும் மறித்துக் காரை நுழைப்பதும், அவர்களது பணியை இன்னும் ஒரு மணி நேரம் நீட்டுகின்றன. அவர்களுக்குச் செலுத்தும் நன்றி மாலையிலும் பொன்னாடையிலும் மட்டும் இல்லை. அவர்கள் சொன்ன இடத்தில் காரை நிறுத்துவதும் நன்றியே.

விரதமிருந்து, உடலை வருத்தி, வெறுங்காலோடு நெடுந்தொலைவு நடந்து காவடி எடுக்கும் சமுதாயம் இது. அத்தகைய சமுதாயத்துக்கு, காரை விட்டிறங்கி ஐந்நூறு மீட்டர் நடப்பது பெரும் சுமையன்று. அந்த நடையையும் விரதத்தின் ஓர் அங்கமாகக் கொள்ளுதல் வேண்டும். வீதி திறந்திருந்தால் தேர் தடையின்றி வரும். அவசர வண்டி தடையின்றிச் செல்லும். அயலார் மனமும் குளிர்ந்திருக்கும்.

இவ்வாண்டுத் திருவிழாவில் வீதிகள் யாவும் தேருக்கும் அடியார்க்கும் வழிவிட்டு நிற்கவும், வந்தவர் அனைவரும் நலமே இல்லம் திரும்பவும் அன்னை மகமாயி திருவருள் பாலிப்பாளாக!